பதினோரு மணி அலை

தரையை ஒட்டிய காற்று ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. ஓரிடத்தில் சூடு, ஒரு முழம் தள்ளிக் குளிர்ச்சி, அடுத்த மூச்சில் தலைகீழ். அந்தத் தடுமாற்றங்களை அளப்பதுதான் ஆய்வு மாணவியின் வேலை. நிறுவனத்து மொட்டை மாடியில் ஒரு கம்பம், அதில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். காற்றின் சூடு இம்மி மாறினாலும் கீழே அறையிலுள்ள திரையில் கோடு துள்ளும்.

அவள் சேர்ந்தபோது பால்பல் விழாத அண்ணன் மகனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. "இன்னுமா அத்தை காத்தை அளந்து முடிக்கல?" என்று கேட்கிறான். பட்டம் அப்படி இழுத்தடித்தது. கடைசியில் அவளைக் கரையேற்ற வந்தது பதினோரு மணி அலை. தினமும் அந்த நேரத்துக்குக் கோடு குபுக்கென்று எழும்பும், கொஞ்ச நேரம் ஆடும், அடங்கும். யாரும் இதுவரை கண்டிராதது. வழிகாட்டிப் பேராசிரியர் தாமதிக்காமல் அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். இந்த மாதிரி விஷயங்களில் மனிதர் படு சுறுசுறுப்பு. அவளுடைய ஆய்வேடு முழுவதும் அந்த அலையை நம்பித்தான் இருந்தது.

மாநாட்டுக்கு அவர் வெளியூர் போனார். அரங்கத்துத் திரையில் அலையை நேரடியாகக் காட்ட ஏற்பாடு. பதினொன்று ஆயிற்று. கோடு படுத்தே கிடந்தது.

"என்னம்மா, அலை எங்க?" என்று போனில் கிசுகிசுத்தார்.

"இருங்க சார், பாக்குறேன்."

போனும் கையுமாக மாடிக்கு ஓடினாள். கம்பம் தனியாக நின்றது. தனியாக என்று தோன்றிய பிறகுதான் அவளுக்குச் சுரீர் என்றது. தினமும் இந்த நேரத்தில் பேராசிரியர் டீக் கோப்பையோடு மேலே வந்து, கம்பியை ஒட்டி நின்று, யாரிடமாவது போனில் பெருமையடித்துக்கொண்டிருப்பார்.

இத்தனை நாளும் அவள் அளந்தது அவருடைய டீயையும் மூச்சையும். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எது வந்தாலும் பட்டம் வராது. விறுவிறுவென்று இறங்கினாள். கொதிக்கக் கொதிக்க ஒரு டீயோடு திரும்பி வந்து, அவர் நிற்கும் இடத்தில் நின்றாள்.

போனில் கைதட்டல் கேட்டது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றார் பேராசிரியர். சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆனா சீக்கிரமே அடங்குதே, ஏம்மா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"டீ ஆறிப்போச்சு சார்."

மறுமுனையில் அரங்கம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"சரி, ஓடிப்போய் இன்னொரு டீ வாங்கிட்டு வா."