நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர்

ஜூன் ஒன்பதாம் தேதி நண்பகல் பன்னிரண்டு மணிக்குள், மலைமேல் இருக்கும் சோங்-கோல் ஏரியின் வடகரைக்கு, தடுப்பூசி மருந்தோடு, சொந்த வண்டியில் வந்து சேர வேண்டும். மேய்ச்சல் குழுத் தலைவர் சபிர்குல் எனக்கு வைத்த நிபந்தனை அவ்வளவுதான். சேர்ந்துவிட்டால், கோடை முழுக்க அந்தக் கரையில் கூடாரம் போடும் பதினேழு குடும்பங்களின் ஆடு, மாடு, குதிரைகளுக்கு நான்தான் மருத்துவர். தவறினால் நாரின் நகரத்திலிருந்து ஜீப்பில் வரும் இளம் கால்நடை மருத்துவன் தாலாய்க்கு அந்த வேலை போய்விடும்.

"உன் கை நல்ல கைதான், அசில்கான். அதுல ஒண்ணும் குறை இல்ல," என்றார் அவர். "ஆனா போன வருஷம் உனக்கு யாராவது காரு குடுக்கற வரைக்கும் ஆடுங்க காத்துக்கிட்டு இருக்கல. பதினோரு ஆடு செத்துச்சு."

அது உண்மை. கொழுந்தனாரின் கார் கிடைப்பதற்குள் மூன்று நாள் போய்விட்டது. அந்தப் பதினோரு ஆட்டையும் நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் ஜூமகதிரை அழைத்துக்கொண்டு டோக்மோக் கார் சந்தைக்குப் போனேன்.

ஜூமகதிர் மின்சார ஆபீஸில் கம்பம் ஏறுகிறவர். சந்தைக்குள் நுழைந்த பத்தாவது நிமிடமே அவருக்கு ஒரு வெள்ளி நிறக் கார் பிடித்துவிட்டது. மீட்டரில் ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் காட்டியது. நான் குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங் தோல் கண்ணாடி மாதிரி வழவழத்தது. அவ்வளவு குறைவாக ஓடிய வண்டியில் இதெல்லாம் இப்படித் தேயாது. பானட்டைத் தொட்டேன். சூடாக இருந்தது.

"காலைல எட்டு மணிக்கு ஏன் இன்ஜின் சூடா இருக்கு?" என்று கேட்டேன்.

"குளிருல்ல அக்கா, கொஞ்சம் ஓட்டி வச்சேன்," என்றான் விற்கிறவன்.

"நாங்க வந்தப்புறம் ஓட்டியிருக்கலாமே. குளுந்த இன்ஜின் எப்படிக் கிளம்புதுன்னு நாங்களும் பாத்திருப்போம்."

ஜூமகதிர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்தார். "கார் வாங்க வந்தியா, போலீஸ் வேலை பாக்க வந்தியா?"

வரிசையின் கடைசியில், யாரும் நிற்காத இடத்தில், கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஜெர்மன் கார் நின்றது. மீட்டரைப் பார்த்தேன். நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம். இன்னொரு தரம் குனிந்து படித்தேன். அந்தச் சந்தையில் அன்று நின்ற நூற்றுக்கணக்கான கார்களில் உண்மை பேசிய மீட்டர் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

சொந்தக்காரர் அத்-பாஷியைச் சேர்ந்த ஒஸ்கோன்பாய். புவியியல் வாத்தியார். தடித்த நோட்டு ஒன்றை நீட்டினார். எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு தேதியும், அன்றைய கிலோமீட்டரும், பதினான்கு வருடத்துக்கு ஒரே கையெழுத்தில் இருந்தன.

"அண்ணே," என்றார் ஜூமகதிர், "இந்தக் கணக்குக்கு இது நிலாவுக்குப் போயிட்டு, திரும்பி வர்ற வழியில இருக்கு."

"ஆமா தம்பி. போனது திரும்பி வருதுல்ல? வராம நின்னதெல்லாம் அதோ பாலிஷ் போட்டுக்கிட்டு வரிசையா நிக்குது பாரு."

"எல்லாரும் மீட்டரைத் திருப்பி வைக்கறாங்களே, நீங்க ஏன் வைக்கல?" என்று கேட்டேன்.

"முப்பத்தோரு வருஷம் புள்ளைங்களுக்கு மார்க் போட்டிருக்கேம்மா. காருக்குன்னு தனியா பொய் மார்க் போட வரல."

இன்ஜின் சில்லென்று இருந்தது. ஒரே சாவியில் கிளம்பியது. புகையில் நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன், நுரை இல்லை. கீழே படுத்துப் பார்த்தேன். துருப்பிடித்த இடங்களை வாத்தியாரே விரலால் காட்டினார். கைகுலுக்கி விலை முடிந்ததும், கண்ணாடியில் தொங்கிய சிவப்புக் கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குதிரை விற்கிறவன் தலைக்கயிற்றைக் கொடுக்க மாட்டான். அதனால் எனக்கு வருத்தம் இல்லை.

வீட்டு வாசலில் ஆடு வெட்டி நாலு சக்கரத்திலும் ரத்தம் தொட்டு வைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு ஜூமகதிரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அவர் வாயில் அந்தக் கார் 'கிழவி'. "கிழவி இன்னைக்கு எந்திரிச்சாளா?", "கிழவிக்குப் பல்லு இருக்கா?" என்று தினம் ஒரு கேள்வி.

எனக்கு வேலை இருந்தது. மார்ச்சில் எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்றினேன். ஏப்ரலில் பெல்ட்டும் முன் பிரேக் கட்டைகளும். மே மாதம் ரேடியேட்டர் குழாய்கள் இரண்டையும் புதிதாகப் போட்டு, வாத்தியாரின் நோட்டிலேயே அடுத்த பக்கத்தில் என் கையெழுத்தைத் தொடங்கினேன். ஒவ்வொரு பாகத்தை மாற்றும்போதும் வண்டியின் சத்தம் ஒரு படி இறங்கிச் சீராவது காதில் கேட்டது. எங்கள் ஊரான கொச்கோரைச் சுற்றிய கிராமங்களுக்கு மாடு பார்க்கப் போகும்போது வெப்ப முள் நடுக்கோட்டை விட்டு இம்மி நகராது. சந்தோஷத்தில் சில நாள் சுற்றுவழியாக வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

ஜூன் ஒன்பது காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பின் இருக்கையில் பனிக்கட்டியோடு மருந்துப் பெட்டி. ஜூமகதிர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "கிழவி மூச்சு வாங்கினா தள்ள ஆளு வேணாமா?" என்பது அவர் சொன்ன காரணம். கடைசிக் கிராமத்தைத் தாண்டி மண் பாதை கல்மாக் கணவாயை நோக்கித் திரும்பியது. பாதை ஓரத்தில் இன்னும் பனி இருந்தது. முதல் கியரில் முதல் வளைவு ஏறினோம். இரண்டாவதும் ஏறினோம். வண்டி கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு ஏறுவது என் உள்ளங்காலில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்றாவது வளைவில் முள் நடுக்கோட்டைத் தாண்டியது.

இன்ஜின் சூட்டைக் கொஞ்சமாவது உள்ளே இழுக்கட்டும் என்று ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிட்டேன். உள்ளே அடுப்பு மாதிரி ஆயிற்று. முள் கேட்கவில்லை. நாலாவது வளைவில் பானட் ஓரமெல்லாம் ஆவி. ஓரம் கட்டி, மூக்கைக் காற்றடிக்கும் பக்கம் திருப்பி நிறுத்தினேன். ஜூமகதிர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். மணி ஒன்பது ஐம்பது.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்ஜினையே பிரிக்கணும்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"இந்த வயசுல வேற எது போகும்?"

அப்போது கீழிருந்து ஒரு ஜீப் ஏறி வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டியவன் தாலாய். நான் வராவிட்டால் என்ன செய்வது என்று சபிர்குல் அவனையும் வரச் சொல்லியிருந்தார். கண்ணாடியை இறக்கி ஆவியைப் பார்த்தான்.

"என்னக்கா, டீ போடறீங்களா?"

"குடிச்சிட்டுப் போறியா?"

சிரித்தான். கெட்ட பையன் இல்லை. "பெட்டியக் குடுங்கக்கா. மருந்து கெட்டுப் போயிடும். நானே போட்டுடறேன். உங்க பேரைச் சொல்லித்தான் போடுவேன்."

ஜூமகதிர் என்னைப் பார்த்தார். பெட்டியைக் கொடுத்தால் ஆடுகளுக்கு ஊசி நேரத்துக்குப் போய்ச் சேரும். கோடை அவனுக்குப் போகும். யார் பேரைச் சொல்லிப் போட்டாலும் ஊசி போட்ட கையைத்தான் மேய்ச்சல்காரர்கள் நினைவில் வைப்பார்கள். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த வெப்பமானியைப் பார்த்தேன். நாலு டிகிரி.

"பனிக்கட்டி மூணு மணி வரைக்கும் தாங்கும் தம்பி. நான் பன்னெண்டுக்கு வந்துடுவேன். நீ முன்னால போ."

"சரிக்கா. அங்க போய் டீ போடச் சொல்றேன்," என்று கிளம்பினான்.

ஜீப் மறைந்ததும் ஜூமகதிர், "குடுத்திருக்கலாம்," என்றார் மெதுவாக. நான் வாத்தியார் நோட்டின் பின் அட்டையைக் கிழித்தேன். பயந்துகொண்டு வேலை செய்தால் ஒன்றைப் பார்த்து ஒன்பதை விட்டுவிடுவோம், ஆகவே சுலபமானதிலிருந்து வரிசையாகப் பார்ப்பது என் வழக்கம். குழாய்களில் கசிவு இல்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. சூடு கொஞ்சம் தணிந்ததும் இன்ஜினைக் கிளப்பச் சொன்னேன். விசிறி சுற்றியது. அப்படியானால் முன்னாலிருந்து அது காற்றை இழுக்க வேண்டும். கிழித்த அட்டையை மூக்குக் கம்பிகளின் மேல் வைத்துக் கையை எடுத்தேன். காற்று இழுத்தால் அட்டை அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அட்டை நழுவித் தரையில் விழுந்தது.

மறுபடி வைத்தேன். மறுபடியும் விழுந்தது.

"நிறுத்துங்க. நிறுத்துங்க," என்றேன். முழங்காலில் உட்கார்ந்து கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டேன். உலோகம் தட்டுப்பட வேண்டிய இடத்தில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. ஸ்க்ரூ டிரைவரால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூக்குக் கம்பிச் சட்டத்தை எடுத்தேன். ரேடியேட்டரின் முகம் முழுக்க மூடி, கம்பியால் கட்டிய தடித்த கம்பளி. குழாய் மாற்றியபோது இன்ஜின் பக்கத்தை மட்டும் பார்த்ததால் இது என் கண்ணில் படவில்லை. ஆட்டு ரோமத்தை அடித்து அமுக்கிச் செய்த தரைக் கம்பளி. ஓரத்தில் ஆட்டுக்கொம்புச் சித்திரம், சிவப்பு நூல் தையல்.

பனிக்காலத்தில் இன்ஜின் சூடு பிடிக்க ரேடியேட்டருக்குப் போர்வை போடுவது எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிற காரியம்தான். வாத்தியார் போட்டதென்று நினைத்திருப்பேன். ஆனால் அந்தச் சிவப்புத் தையல் என்னுடையது. சமையலறையில் விரித்திருந்த கம்பளியில் ஒரு முனை காணாமல் போய், எலி கடித்தது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஜூமகதிர் வெகு அக்கறையாக எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலி நல்லா கம்பி கட்டியிருக்கு," என்றேன்.

"மார்ச்சுல ஒரு நாள் மைனஸ் பத்தொம்பது," என்றார் மலையிடம். "விடிகாலைல பாத்தேன். மூஞ்சியெல்லாம் பனி. பாவமா இருந்துச்சு."

"கிழவியைப் பாத்தா?"

"ஊரே சிரிக்குது, நானும் சிரிச்சிட்டேன். அப்புறம் போர்வை போடறதை யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க? நீ பாத்தாதான் என்ன நெனைப்ப? சத்தமில்லாம போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

"நான் மூணு மாசமா முள்ளு நகரலன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

"திட்டறதா இருந்தா மேல போய்த் திட்டு. மணி பத்தே முக்கால்."

கம்பளியை அறுத்துப் பின்பக்கம் எறிந்தோம். அட்டையை வைத்தேன். படக்கென்று ஒட்டிக்கொண்டது. கையால் இழுத்தால்தான் வந்தது. ஜூமகதிர் அட்டையை என்னிடமிருந்து வாங்கி, தானும் ஒரு தரம் வைத்து எடுத்துப் பார்த்தார். பிறகு ரேடியேட்டர் மூடியை மெல்லத் திறந்து, பாதையோர ஓடையில் பிடித்த தண்ணீரை இன்ஜின் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம்.

ஐந்தாவது வளைவு. முள் நடுக்கோட்டில். ஆறு. ஏழு. ஒன்பதாவது வளைவில் ஒரு லாரி பனிச்சேற்றில் வழிமறித்து நின்றது. அதைச் சுற்றி இடது சக்கரங்களைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்து ஏறினேன். ஜூமகதிர் முன்பலகையைத் தட்டிக்கொண்டே, "ஏறு தாயி, ஏறு, ஏறு," என்றார். கிழவி தாயாகிவிட்டாள் என்று சொல்லிக் காட்டினேன். "ரோட்டைப் பாரு," என்றார். பதினொன்று இருபத்தைந்துக்கு உச்சி. காது அடைத்தது. கீழே ஏரி முழுக்க நீலமாக விரிந்து கிடந்தது. அதன் கரையில் பதினேழு வெள்ளைக் கூடாரங்களை எண்ணினேன். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரிலேயே இறங்கினேன். எங்களைக் கண்டு ஒரு குதிரைக் கூட்டம் பாதையை விட்டுப் புல்லில் ஓடியது. கொஞ்ச தூரம் அவற்றோடு இணையாகவே போனோம். நான் வாய்விட்டுக் கத்தினேன் என்று ஜூமகதிர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

பட்டி வாசலில் நிறுத்தியபோது பன்னிரண்டு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. சபிர்குல் வெளியே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தாலாய் கையில் டீக் கிண்ணத்தோடு. சபிர்குல் காரைச் சுற்றி வந்தார், சேறு அப்பிய சக்கரத்தை ஒரு உதை உதைத்தார், குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"இதுலயா வந்த?"

"இதுலதான்."

"அடுத்த ஊசி முப்பதாம் தேதி. அப்பவும் இதுதானா?"

"இதேதான் அண்ணே. ஆனா இருபத்தொம்பதாம் தேதியே வந்துடறேன். எறக்கத்துல பின் பிரேக் கொஞ்சம் சத்தம் போட்டுச்சு, அதைப் பாத்துட்டுக் கெளம்புவேன்."

"ஒரு நாள் முன்னாலயே வர்றவளை நான் ஏன் வேணாங்கப் போறேன்," என்றார் அவர். தாலாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "தம்பி, கோடை இவளோடது. நீ சாப்பிட்டுட்டுப் போ. அதுவரைக்கும் சும்மா நிக்காம ஆட்டைப் பிடி."

தாலாய் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். அதற்குள் ஜூமகதிரைச் சுற்றி நாலு மேய்ச்சல்காரர்கள் கூடிவிட்டார்கள். பானட் திறந்திருந்தது. "நாலு லட்சம் ஓடினப்புறம்தான் இன்ஜினே பழகும்," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "புதுசு வாங்கறவன் ஏமாளி."

பெட்டியைத் திறந்தேன். ஐந்து டிகிரி. முதல் ஊசியில் மருந்தை ஏற்றினேன். தாலாய் முதல் ஆட்டைக் கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு கழுத்து ரோமத்தை விலக்கிக் காட்டினான்.

"எத்தனை ஆடு இருக்கு?" என்று கேட்டேன்.

"அறுநூத்திப் பத்து," என்றார் சபிர்குல்.

"கொண்டு வாங்க," என்றேன்.