மூன்றாம் மேடையில் ஆளில்லை

ஆளில்லாத மேடை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் லூசியாவின் கணினித் திரையில் அந்த மேடையின் காலோரமாக ஒன்பது தூண்டில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்பதிலும் இரை இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடலில் நிற்கும் இரும்புக் கட்டடங்களின் கால்களைப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். எங்கோ ஒரு கடலில் கேமரா பொருத்திய எந்திரம் ஒன்று முங்கிப் படம் எடுக்கும். அவள் புறநகரான ரானுயியில் ரயிலேறி ஆக்லாந்து நகர மையத்துக்கு வந்து, பதினொன்றாம் மாடியில் உட்கார்ந்து அதைப் பார்த்து, எந்தக் கால் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று எழுத வேண்டும். அவள் கையெழுத்தும் மேலாளர் கையெழுத்தும் விழுந்தால்தான் சான்றிதழ் அலுவலகம் மேடைக்குச் சான்றிதழ் கொடுக்கும்.

இந்த மேடைகளை நட்ட நாட்டுக்கு எண்ணெய் எடுக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. பக்கத்து நாடு "என் கடல்" என்று சொல்வதற்குள் தான் முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கரையிலிருந்து ஒன்றரை நாள் தூரத்தில், நீருக்குள் கிடக்கும் மணல்திட்டுகளின் மேல் ஏழு மேடைகளை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கொடியையும் ஒன்பது கடற்படைச் சிப்பாய்களையும் வைத்திருந்தது. கொடிக்குப் பசிக்காது. சிப்பாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரிசியும் தண்ணீரும் கப்பலில் வரும்.

மூன்றாம் மேடையின் ஒரு காலில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஆட்கள் குடியிருக்கும் மேடை பெரும்புயலைத் தாங்க வேண்டும் என்பது விதி. ஆளில்லாத மேடை சின்னப் புயலைத் தாங்கினால் போதும், சாய்ந்தாலும் இரும்புதானே சாயும். புயல் காலத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஆட்களை இறக்கிவிட்டோம், இனி இதை ஆளில்லாத மேடையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் மேடை தேறிவிடும்.

மேலாளர் கோதண்டராமன் கும்பகோணத்துக்காரர். லூசியாவின் பட்டத்தை ஆக்லாந்தில் ஒருவரும் மதிக்காத காலத்தில் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். நல்ல மனிதர், ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாத நல்ல மனிதர். தூண்டிலைக் காட்டியதும், இறங்கும்போது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்றார்.

மன்னாரில் மீன்பிடித்தவரின் மகளிடம் போய் அதைச் சொன்னார். கடலில் விட்டுப்போன இரை ஒரு நாள்கூட நிற்காது, மீன் கொத்திவிட்டு வெறும் முள்ளைத்தான் மிச்சம் வைக்கும். லூசியா வாதாடவில்லை. படத்தை நாற்பதாவது நிமிடத்துக்குத் தள்ளினாள். ஒரு தூண்டில் துடித்தது. பிறகு ஒரு முழம், இன்னொரு முழம் என்று நிறுத்தி நிறுத்தி மேலே போனது. அதன் நுனியில் மீன் இருந்தது.

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்டு எழுதுவோம் என்றார். லூசியாவே எழுதினாள். எத்தனை தூண்டில், எந்த ஆழம், எத்தனையாவது நிமிடம் என்று ஒன்று விடாமல் எழுதினாள். இனித் தப்பிக்க முடியாது, ஆட்களை இறக்கத்தான் வேண்டும் என்று அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி, தூண்டில்கள் அகற்றப்பட்டுவிட்டன, புதிய படம் இணைப்பில் உள்ளது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஆட்களை இறக்கவில்லை, தூண்டிலை எடுத்திருக்கிறார்கள். கடலின் நடுவே ஒன்பது பேருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பச்சை மீனையும் அவள் எழுதிய கடிதம் பிடுங்கிவிட்டது. அவர்கள் மேல் வந்த கோபத்தில் பாதி இப்போது அவள் மேலேயே திரும்பியது. இவ்வளவு விவரமாக எழுதச் சொன்னது யார்?

மாலை நான்கு மணிக்குக் கோதண்டராமன் அறிக்கையோடு வந்தார். அவருடைய கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. தூண்டிலும் இல்லை, ஆளும் இல்லை, நம் பக்கம் சுத்தம், இனி எதற்கு இழுத்தடிப்பது என்றார். ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டுமாம். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் என்றாள் லூசியா.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்.

"நீங்க எதுக்கும்மா இவங்களுக்காக இவ்வளவு மல்லுக்கட்டறீங்க? உங்க அப்பாவைக் கடல்ல பிடிச்சு அடிச்சதும் நேவிக்காரங்கதானே?"

லூசியாவின் அப்பா தண்ணீரில் யாரோ போட்ட கோட்டைத் தாண்டினார் என்று பிடிபட்டவர். பதினொரு மாதம் கழித்து வந்தபோது இடது காது கேட்கவில்லை. அதை ஒரு மதியச் சாப்பாட்டின்போது அவள்தான் இவரிடம் சொல்லியிருந்தாள். நம்பிச் சொன்னதை எடுத்து இப்படி வீசுவார் என்று நினைக்கவில்லை.

"ஓம். அதுக்காக இந்த ஒன்பது பேரும் கடல்ல தாழவேணுமோ சேர்?"

லூசியா திரும்பாமல் படத்தைப் பார்த்தாள். அதே கால், அதே ஓட்டை, விளிம்பு இன்னும் கொஞ்சம் கிழிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. மேலே யாரோ அதட்டி அடக்கி வைத்ததுபோல் கடல் வெறிச்சென்றிருந்தது. திரையின் மூலையில் அந்தக் கடலின் நேரம் மதியம் பன்னிரண்டரை.

அப்போதுதான் வெள்ளையாக ஏதோ மேலிருந்து இறங்கியது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு ஒரு பிடி. மெதுவாகச் சுழன்று சுழன்று கேமராவுக்கு முன்னால் வந்தன. சின்ன மீன்கள் காலின் மறைவிலிருந்து ஓடிவந்து கொத்தின. லூசியா படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள்.

சோறு. மேலே எவனோ ஒருவன் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி ஊற்றியிருக்கிறான்.

கோதண்டராமன் ஏதாவது ஒரு படகு அந்தப் பக்கமாகப் போயிருக்கலாம் என்று தொடங்கினார், ஆனால் முடிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பருக்கை பருக்கையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது சோறுதான். எதிரே கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

அவர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துத் தன் கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். இரண்டு முறை அழுத்தி அடித்தார். அதற்காக லூசியாவுக்கு அவர் மேலிருந்த கோபம் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.

புதிய அறிக்கையை அவள் அங்கேயே தட்டச்சு செய்தாள். ஆளில்லை என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆட்கள் குடியிருக்கும் மேடையாகவே கணக்கிடப்பட்டது. தேறவில்லை. சான்றிதழ் கொடுப்பவர்கள் நேரில் ஆளனுப்பிப் பார்க்க வேண்டும். இம்முறை மேடைக்காரர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கப்போவதில்லை, சான்றிதழ் அலுவலகத்துக்கே நேராகப் போகும், அவர்களுக்கு நகல்தான்.

கோதண்டராமன் முழுவதையும் படித்தார்.

"சோத்தைப் பத்தி ஒரு வரிகூடக் காணோமே. எப்படித் தெரியும்னு கேப்பாங்களே?"

"நேரில வந்து பாக்கிறவைக்குக் காட்டுவன். இவங்களுக்கு எழுதமாட்டன்." என்றாள் லூசியா. "தூண்டிலைக் கண்டம் எண்டு எழுதினன், தூண்டிலை எடுத்தாங்கள். சோத்தைக் கண்டம் எண்டு எழுதினா என்னத்தை நிப்பாட்டுவாங்கள் சேர்?"

அவர் பேனாவை எடுத்து, அவள் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார்.