கோட்டுக்கு இரண்டு விரல் வெளியே

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒலிவா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்த டென்னிஸ் கிளப்பின் உடைமாற்றும் அறையில், பெர்னாட் சிஸ்கார் தன் வலது தோளுக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தான். ஒட்டிவிட ஆள் கிடையாது. இந்த அளவுப் போட்டிகளுக்கு உடம்பு பார்க்கிறவர் ஒரே ஒருத்தர்தான். அவருக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். அதனால் பட்டையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுநுனியை இடது கையால் இழுத்து ஒட்டப் பழகியிருந்தான். வயசு முப்பத்துநாலு. தொழிலுக்கு வந்து பதினாறு வருஷம். அதில் பாதி இப்படிப் பட்டையைக் கடித்தே போயிருக்கும்.

அவனுடைய அக்கா அம்பாரோ கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். அவனைவிட ஆறு வயசு மூத்தவள். அவனுக்குப் பயிற்சி கொடுப்பவளும், கார் ஓட்டுபவளும், திட்டுபவளும் அவள்தான். உள்ளே இன்னும் இரண்டு ஆண்கள் துண்டோடு நின்றார்கள். அவர்களை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"என்னடா, தூங்கிட்டியா?"

"கண்ணத் தொறந்து வெச்சுட்டே தூங்கப் பழகிட்டேன்கா."

"நல்லா பழகின. கேட்டுக்கோ. இன்னைக்கு ஜெயிச்சா திங்கக்கிழமை லிஸ்ட்ல ஆறு இடம் ஏறுவ. பாரிஸ் தகுதிச் சுத்துக்குக் கடைசிப் பேரு உன் பேரு. தோத்தா நீ வெளிய. நடுவுல வேற ஒண்ணும் கிடையாது."

"இதத்தான நேத்து சொன்ன. காலைல காபி குடிக்கிறப்பவும் சொன்ன."

"இப்பவும் சொல்றேன். காது இருக்குல்ல?"

பாரிஸில் நடக்கும் பெரிய செம்மண் போட்டிக்கான தகுதிச் சுற்றை அவன் ஒன்பது தடவை ஆடியிருக்கிறான். ஒரே ஒரு வருஷம் கடைசிச் சுற்றுவரை போய், பெரிய போட்டிக்குள் நுழைய இரண்டே புள்ளி பாக்கி இருந்தபோது தோற்றான். அப்புறம் தோளைக் கீறித் தைத்தார்கள். இரண்டு வருஷம் அந்த ஊர்ப் பக்கமே போக முடியவில்லை. இதுதான் கடைசி சீசன் என்று ஜனவரியிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டான். "பாரிஸ் கிடைக்கலைன்னா?" என்று மனைவி நூரியா கேட்டபோது, "கிடைக்கலைன்னா நிம்மதி. மே மாசம் பூரா வீட்ல படுத்துத் தூங்குவேன்" என்றான். அதையே அப்பாவிடம் சொன்னான், மட்டைக்கு நரம்பு கட்டுகிறவனிடம் சொன்னான், பல் வைத்தியரிடம்கூடச் சொன்னான். இத்தனை பேரிடம் சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அவனுக்கே வந்துவிட்டது.

இன்றைக்கு எதிரில் நிற்கப்போகிறவன் எலோய் பெர்ருவேசோ. வேறு யாராவது வந்திருக்கக்கூடாதா! ஏழு வயசில் இரண்டு பேரும் ஒரே கிளப்பில், ஒரே செம்மண்ணில் ஆடக் கற்றவர்கள். பதினைந்து வருஷமாக ஊர் ஊராக ஒரே ஓட்டல் அறையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். எலோய் விடும் குறட்டையில் எத்தனை வகை உண்டு என்பது அவன் பெண்டாட்டியைவிட பெர்னாட்டுக்கு நன்றாகத் தெரியும். எலோயின் பெயர் பாரிஸ் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. இன்று தோற்றாலும் அவனுக்கு ஒரு மயிரும் நஷ்டமில்லை.

கிளப் உணவகத்தில் பத்து மணி ரொட்டியும் ஆலிவும் தின்றுகொண்டிருந்த பெரியவர்கள் இதைப் பற்றித்தான் பேசினார்கள். "அந்த எலோய் கொஞ்சம் விட்டுக் குடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவான்?" அவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. ஆடுகிறவர்கள் இப்படி ஒரு வார்த்தை பேசினால் ஆயுசுக்கும் ஆட முடியாது. அதற்காக மட்டும் இல்லை, இரண்டு பேருக்கும் அது வாயில் வராது. முந்தின நாள் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டபோது, எலோய் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீர் கக்குவதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்து போனார்கள்.

"இன்னொண்ணு," என்றாள் அம்பாரோ, கதவுப்பக்கம் போய்த் திரும்பி. "காலை அடக்கு. புரியுதா? துடைப்பக்கட்டை வேலையெல்லாம் இன்னைக்கு வேணாம்."

துடைப்பம் என்பது பெர்னாட்டின் பட்டப்பெயர். செம்மண்ணில் பந்து விழுந்தால் தடம் பதியும். கோட்டருகே விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தத் தடம்தான் சாட்சி சொல்லும். வெளியே என்றால் தடத்தைச் சுற்றி மட்டையால் வட்டம் போடுவார்கள். உள்ளே என்றால், தடம் யார் பக்கம் இருக்கிறதோ அவன் தன் காலாலேயே அதை அழித்துவிடுவான். அழித்துவிட்டால் பேச்சு முடிந்தது, புள்ளி எதிராளிக்கு. நடுவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. பெர்னாட் வளர்ந்த கிளப்பில் நடுவர் என்ற ஜென்மமே கிடையாது. அங்கே தடத்தை அழிக்காமல் இழுத்தடித்தால் திருடன் என்று பெயர் வரும். சட்டென்று அழிக்கிறவன் யோக்கியன். பெர்னாட் எல்லோரையும்விடச் சட்டென்று அழித்தான். எதிராளி வாயைத் திறக்கும் முன்பே அவன் கால் போய்விடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தரவரிசையில் என்ன இடம் என்று கேட்டால் முகம் சுண்டிப்போகும். துடைப்பம் என்று கூப்பிட்டால் சிரிப்பான்.

ஆட்டம் பதினொன்றுக்கு ஆரம்பித்தது. முதல் செட் எலோய்க்கு, இரண்டாவது பெர்னாட்டுக்கு. சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். எலோய் எந்த மூலைக்கு அடிப்பான் என்று அவன் தோள் திரும்பும் முன்பே பெர்னாட்டுக்குத் தெரிந்தது. அங்கே ஓடிப் போய் நின்றால், அவன் நிற்பான் என்று தெரிந்து எலோய் மறுமூலைக்கு அடித்தான். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் இழுத்துக்கொண்டே போயிற்று. மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஆறு ஆனபோது பெர்னாட் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினான். எழுந்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது. யாராவது வந்து மழை என்று சொன்னால் தேவலை. வானம் பளிச்சென்று கிடந்தது.

"எந்திரிடா!" என்று வேலிக்கு அப்பாலிருந்து அம்பாரோவின் குரல்.

எழுந்தான். ஆறுக்கு ஆறு. டை பிரேக், இரண்டு புள்ளி முந்திக்கொண்டு ஏழைத் தொடுகிறவனுக்கு ஆட்டம். மூன்று மணி நேரம் ஆகப்போகிறது. அந்த செட் தொடங்கியதிலிருந்து யாரும் மண்ணை வாரிவிடவில்லை. கடைசிக் கோட்டருகே அம்மைத் தழும்பு மாதிரி தடம் மேல் தடம்.

டை பிரேக்கில் ஆறுக்கு ஐந்து என்று பெர்னாட் முன்னால் வந்தான். மேட்ச் பாயிண்ட். இந்த ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் பாரிஸ். உணவகத்துப் பெரியவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அம்பாரோ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருபது தடவைக்கு மேல் பந்து போய்ப் போய் வந்தது. பெர்னாட் எலோயை இடப்பக்கம் தள்ளி, வலப்பக்கம் தள்ளி, திரும்ப இடப்பக்கமே தள்ளினான். எலோய் சறுக்கிக்கொண்டே போய், விழுகிற நிலையில், இருந்த பலத்தையெல்லாம் போட்டு ஒரு அடி அடித்தான். பந்து நீளமாக வந்து பெர்னாட்டின் காலடியில் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. பெர்னாட் அடிக்கவில்லை. விரலைத் தூக்கினான். வெளியே.

இந்தப் போட்டிக்குக் கோட்டு நடுவர்கள் கிடையாது, உயர நாற்காலியில் ஒரே ஒருவர்தான். அவர் தடம் பார்க்க இறங்க ஆரம்பித்தார். பெர்னாட் குனிந்து பார்த்தான். கோட்டின் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு ஒரு தடம். ஐயோ, உள்ளே! விரலைத் தூக்கிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசிற்று. எலோய்க்கு முன்னால் திருடனாகிவிட்டோமே என்றுதான் அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை. கால் போய்விட்டது. சர்ரென்று ஒரே இழுப்பு. தடம் இல்லை.

நடுவர் ஏணியின் இரண்டாவது படியில் நின்றார். தலையாட்டிவிட்டு மேலே ஏறினார். "ஆறு - ஆறு."

அதற்குப் பிறகுதான் பெர்னாட் பார்த்தான். தன் ஷூ இழுத்த கோடு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், கோட்டைவிட்டு இரண்டு விரல் தள்ளி, ஈரம் காயாத கருஞ்சிவப்பில் இன்னொரு தடம். ஓரமெல்லாம் கூர்மையாக, இப்போதுதான் விழுந்தது. அவன் அழித்தது எப்போதோ விழுந்து காய்ந்துபோன பழைய தடம்.

"சார், நான் அழிச்சது வேற தடம். பந்து விழுந்தது இதோ, இங்க."

"நீங்கதான அழிச்சீங்க?"

"ஆமா, ஆனா..."

"அழிச்சா முடிஞ்சுது. உங்களுக்குத் தெரியாததா சிஸ்கார்? ஆடுங்க."

தெரியாததா! ஏழு வயசிலிருந்து தெரியும். வலைக்கு அந்தப் பக்கம் எலோய் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, தன் மட்டையின் நரம்புகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

அடுத்த இரண்டு புள்ளிகளும் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்றை வலையில் அடித்தான். இன்னொன்றை எலோய் சர்வீஸிலேயே எடுத்தான். வலையருகே இரண்டு பேரும் தோளைத் தட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் பழைய கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்தால் தோற்றவன் வலைப்பாயை இழுத்து மண்ணைச் சமப்படுத்த வேண்டும், ஜெயித்தவன் கோடுகளைத் துடைக்க வேண்டும். தொழிலுக்கு வந்த பிறகு அதற்கெல்லாம் ஆள் இருந்தாலும், தங்களுக்குள் ஆடும்போது இரண்டு பேரும் அதை விடவில்லை. மற்றவர்கள் கேலி செய்வார்கள். இன்றைக்கு எலோய் நேராக வேலியோரம் போய் வலைப்பாயின் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டான். தோற்றவன் வேலையை ஜெயித்தவன் எடுத்துக்கொண்டான். பெர்னாட் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அம்பாரோ வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு களத்துக்குள் வந்தாள். நேரே கடைசிக் கோட்டுக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வெளியடா! ரெண்டு விரல். குருடனுக்குக்கூடத் தெரியும். வந்து பாரு."

"தெரியும்கா."

"தெரியுமா? எப்பத் தெரியும்? பதினோரு வருஷம்டா. பதினோரு வருஷமா உன்ன வண்டில வெச்சு ஓட்டிட்டுத் திரியறேன். காலை அடக்கு, காலை அடக்குன்னு எத்தனை தடவ சொன்னேன்? பெரிய யோக்கியன்! பொல்லாத துடைப்பம்!"

அவள் குரல் உடைந்தது. எழுந்து எலோய் பக்கம் திரும்பினாள்.

"நீ பாத்தியாடா?"

எலோய் பாயை இழுத்தபடி நின்றான். பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து மீட்டர் தள்ளி நின்றவன் பார்க்கவில்லை என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்?

"மட்டைய விட்டுப் போறப்பவே தெரியும். நீளம்னு."

"அப்ப வாய்ல என்ன வெச்சிருந்த?"

"அவன் அழிச்சிட்டான். நான் சொல்லலாம்னுதான்..." எலோய் கயிற்றைத் தோள் மாற்றிக்கொண்டான். பெர்னாட்டைப் பார்த்தே சொன்னான். "பொய் எதுக்கு. ஜெயிக்கணும்னு இருந்துச்சுடா. அவ்வளவுதான். பாரிஸுக்காக இல்ல, ஒண்ணுக்காகவும் இல்ல. சும்மா ஜெயிக்கணும்னு இருந்துச்சு."

அம்பாரோ வாயைத் திறந்தாள். பெர்னாட் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். அவனுக்குக் கோபம் வரும் என்று அவனே எதிர்பார்த்தான். வந்தது வேறு. எலோய் வெட்கமில்லாமல் சொல்லிவிட்ட அந்த வார்த்தையைத் தான் எத்தனை மாசமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறோம் என்று நினைத்தான். தூங்குவேன், நிம்மதி என்று நூரியாவிடம் சொன்னதும், பல் வைத்தியரிடம் சொன்னதும் ஞாபகம் வந்தன.

எழுந்தான். மட்டையை ஊன்றிக்கொண்டு கடைசிக் கோடுவரை நடந்தான். அந்தத் தடம் அப்படியே இருந்தது. கோட்டுக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் மண். மட்டையின் நுனியால் அதைச் சுற்றி மெதுவாக, முழுசாக, ஒரு வட்டம் போட்டான்.

"வெளிய," என்றான்.

நடுவர் போய்விட்டிருந்தார். உணவகத்தில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"எனக்குப் பாரிஸ் வேணும்கா," என்றான். "ரொம்ப வேணும்னு இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல." சொல்லி முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது. துண்டு நாற்காலியில் கிடந்தது. பட்டை ஒட்டிய தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். அம்பாரோ திட்டவில்லை. அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

எலோய் அடுத்த பாதியையும் வாரிக்கொண்டு கடைசிக் கோட்டுக்கு வந்து சேர்ந்தான். வட்டத்துக்கு ஒரு அடி முன்னால் நின்றான்.

"அழிக்கட்டுமாடா?"

"இருக்கட்டும்."

எலோய் பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வட்டத்தில் படாமல் சுற்றிக்கொண்டு போனான்.