இல்லாத மாத்திரை

மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். பொருளாதாரப் பேராசிரியை என்பது அதற்குக் கௌரவமான பெயர். பதினைந்து வயதுப் பிள்ளை ஏன் சிகரெட்டைத் தொடுகிறது, ஏன் கடையில் எதையாவது சுருட்டுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இதில் பொருளாதாரம் எங்கே வந்தது என்று என் நாத்தனார் கேட்காத நாளில்லை. எல்லாம் கணக்குத்தான்: இப்போது கிடைக்கும் சுகம், பிறகு வரும் கேடு, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு.

என் கேள்வித்தாளில் இருபத்தாறு கேள்விகள். அதில் பத்தொன்பதாவது என் குறும்பு. ‘குவிலான் மாத்திரை சாப்பிட்டதுண்டா?’ அப்படியொரு மாத்திரையே கிடையாது. பெயர் வைத்தது நான். ஆமாம் என்று குறிக்கிறவர் சும்மா அளக்கிறார் என்று அர்த்தம். அவர் தாளை ஒதுக்கிவிடுவோம். வழக்கமாக நூற்றுக்கு ஒருவரோ இருவரோ சிக்குவார்கள்.

இந்த முறை ஒரே வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். வகுப்பில் இருந்ததே முப்பத்தெட்டுப் பேர்தான். குவிலான் மட்டுமல்ல, இருபத்தாறு கேள்விக்கும் ஆமாம்.

“நம்மள நல்லா ஓட்டியிருக்காங்க மேடம். மொத்தமா தூக்கிப் போட்டுடலாம்,” என்றாள் என் உதவியாளப் பெண்.

போட்டிருக்கலாம். ஆனால் விளையாட்டுக்குச் செய்திருந்தால் ஓரத்தில் ஒருவனாவது எனக்கு மீசை வரைந்திருப்பான். இவை பரீட்சைத் தாள் மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருந்தன. எனக்கு மண்டை குடைந்தது. போதாக்குறைக்கு, அது என் மகள் படிக்கும் வகுப்பு.

வகுப்புகளைத் தேர்ந்தெடுத்த குலுக்கலில் அந்த வகுப்பு வந்தபோதே வேறொன்றை எடுத்திருக்க வேண்டும். குலுக்கலில் கை வைத்தால் ஆராய்ச்சியே கெட்டுவிடும் என்று விறைப்பாக நின்றுவிட்டேன். “உன் தாள் எதுன்னு பாக்கவே மாட்டேன்டி,” என்று வீட்டில் சொன்னேன். “சரிம்மா,” என்றாள்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஓர் எண் இருக்கும். அடுத்த வருடம் அதே பிள்ளையிடம் மறுபடி கேட்பதற்காக. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் அலுவலக அலமாரியில், பூட்டுக்குள். தாள்கள் வந்த அன்றே அதைத் திறந்துவிட்டேன். பெற்ற மனசு என்று சாக்குச் சொல்லலாம். சொன்ன சொல்லை மீறினேன் என்பதுதான் உண்மை. அவளுடைய தாளிலும் எல்லாமே ஆமாம். ஒன்றும் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த வகுப்புக்கே போனேன். ஆசிரியரை வெளியே இருக்கச் சொன்னேன்.

“யாரையும் திட்ட வரல. அந்தக் குவிலான் மாத்திரையே கிடையாது. ஏன் டிக் பண்ணீங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

சிரிப்பு எழுந்தது. பிறகு வகுப்புத் தலைவி, கண்ணாடி போட்ட பெண், எழுந்து நின்றாள்.

“அது பொய்னு எங்களுக்குத் தெரியாது மேடம். எல்லாத்துக்கும் ஆமான்னு போடணும்னு முன்னாடியே பேசி வச்சோம்.”

“எதுக்கு?”

“முந்தின நாளே மாதிரித் தாள் குடுத்தீங்கள்ல, அதுல நம்பர் கட்டம் இருந்துச்சு. எங்கள்ல ஒருத்தர் உண்மையாவே ஒரு கேள்விக்கு ஆமான்னு போடணும். பொய் எழுதவும் மனசு வரல, வீட்டுல தெரிஞ்சுடும்னும் பயம். ஒரே அழுகை. எல்லாரும் ஆமான்னு போட்டுட்டா கண்டுபிடிக்க முடியாதுல்ல?”

என் ஆராய்ச்சி வாழ்க்கையில் இதைவிடச் சுவையான விடை கிடைத்ததில்லை. உற்சாகத்தில் வாய் முந்திக்கொண்டது.

“வீட்டுல எப்படிம்மா தெரியும்? அந்தப் பட்டியலை நான் ஒருத்திதான் பாக்க முடியும்!”

முப்பத்தேழு தலைகள் குனிந்தன. மூன்றாவது வரிசையில் என் மகள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேனே, அவளுக்கு அந்த வாய்ப்பு நான்தான். அவமானமாக இருந்தது. நன்றி என்று எதையோ முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாலையில் அவள் கொடியிலிருந்து எடுத்த போர்வையைத் தனியாக மடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையை நான் பிடித்தேன்.

“பாக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் பாத்துட்டேன்டி.”

“பாப்பேன்னு தெரியும்மா.”

“எந்தக் கேள்வின்னு சொல்ல வேணாம். உனக்கு இப்ப ஏதாவது ஆபத்து இருக்கா? அது மட்டும் சொல்லு.”

அவள் நுனிகளைச் சேர்த்து நீவினாள். என் இருபத்தாறு கேள்விகளில் இது இல்லை.

“இப்ப இல்ல,” என்றாள். “அப்ப இருந்துச்சு.”

மடிக்க வேண்டியதை மறந்து நின்றேன். அவள் தன் முனையோடு நடந்து வந்து என் கையில் கொடுத்தாள்.

“அப்பவே இப்படிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா.”