ஒரு நாள் சான்றிதழ்

"தப்பு என்னோடதுதான்னு மெயில் போடு. இல்லன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராத" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஸ்ரீகாந்த் போனை வைத்ததும் நிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்தவர் யாரோ, மன்னிப்புக் கேட்பது இவளா?

அவள் வேலை பார்க்கும் பால் கம்பெனிக்குக் காவாந்தண்டலம், திருப்புலிவனம், புள்ளலூர் என்று ஊருக்கொரு சர்வர். பால் அளந்த விவரத்தை மூன்றும் தமக்குள் பேசிப் பகிர்ந்துகொள்ளும். பேசுவதற்கு முன் ஒவ்வொன்றும், தான் இன்ன ஊர் சர்வர் என்று சொல்லும் டிஜிட்டல் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதன் ஆயுள் ஒரு வருஷம், முடிந்தால் புதிது ஏற்ற வேண்டும். சான்றிதழ்களையும் அவற்றின் ரகசியச் சாவிகளையும் உருவாக்கி, பென்டிரைவில் கொண்டுபோய்த் தன் கையாலேயே அந்தந்த மெஷினில் ஏற்றுவது நிஷாவின் வேலை. சாவியை நெட்டில் அனுப்பக் கூடாது, அடுத்தவர் கையிலும் தரக் கூடாது.

இரண்டு ஊரில் ஒழுங்காக முடிந்தது. புள்ளலூர் சர்வர் மட்டும் ஏஜென்ட் மோகன்குமாரின் வீட்டுக்குள், பூஜை அறையை ஒட்டிய அறையில் இருந்தது. நேற்று அவர் கேட்டிலேயே மறித்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

"திருப்புலிவனம் காலனி, சார்."

"அப்டியா... நீ இன்னாத்துக்கு உள்ள வந்துக்கினு? இப்டி குடு, நானே போட்டுக்கிறேன்."

கொடுத்திருக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். எந்த போல்டர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டைச் சாத்தினார். உள்ளே போய், திருப்புலிவனத்தின் சான்றிதழைத் தூக்கிப் புள்ளலூர் மெஷினில் போட்டு வைத்தார் அந்தப் பெரிய மனுஷர். காலையில் மற்ற இரண்டு சர்வர்களும், இது உன் சான்றிதழே இல்லை என்று புள்ளலூரைத் தள்ளிவிட்டன. அங்கே பால் அளப்பது நின்றுபோனது.

நிஷா ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது, கேட்டை ஒட்டிய பால் கொட்டகையில் ஊரே கேனும் கையுமாக நின்றது.

"பாலு திரிஞ்சிடும் போலகீதும்மா, சீக்கிரம் எதுனா பண்ணு" என்றாள் வரிசையில் முதலில் நின்ற வளர்மதி.

மோகன்குமார் கையை நீட்டினார். "குடு அந்த பென்டிரைவ."

"குடுக்க மாட்டேன், சார். நேத்து குடுத்ததால வந்த வினைதான் இது. ஒண்ணு நான் உள்ள வரணும், இல்ல மெஷின் வெளிய வரணும்."

அவர் வரிசையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், உள்ளே போனார். கதவைத் திறக்கப் போகிறார் என்று ஒரு கணம் நம்பினாள். அவரோ வயர்களைப் பிடுங்கி, சர்வரை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சிரைக்கத் தூக்கிவந்து கொட்டகையில் இறக்கினார். முதுகு ஒடிந்தாலும் பரவாயில்லை, இவள் வாசப்படி மிதிக்கக் கூடாது. நிஷாவுக்கு அத்தனை பேர் நடுவில் அறை வாங்கியது போலிருந்தது.

ஆனாலும் பால் திரிந்தால் நஷ்டம் வளர்மதிக்குத்தான். வயர்களை மாட்டி, லேப்டாப்பைத் திறந்தாள். அவர் கை பட்ட சாவிகளை எல்லாம் ரத்து செய்து, மற்ற இரண்டு ஊரிலும் வரும் வழியிலேயே புதியதை ஏற்றியிருந்தாள். இப்போது புள்ளலூருக்கும் புதிதாக உருவாக்கி ஏற்றினாள். மெஷின்கள் பேச ஆரம்பித்தன. பால் அளக்கத் தொடங்கினார்கள். ஸ்ரீகாந்துக்கு மெயிலும் போட்டாள். அதில் மன்னிப்பு இல்லை, தன்னை எந்தக் கேட்டில் எதற்காக நிறுத்தினார்கள் என்பது இருந்தது.

"அப்பாடா, இனிமே ஒரு வருஷத்துக்குத் தொல்ல இல்ல" என்று மோகன்குமார் துண்டால் வேர்வையைத் துடைத்தார்.

"மத்த ஊருங்களுக்கு ஒரு வருஷம், சார். நான் போய்ப் பாக்க முடியாத எடத்துல கீற மெஷினுக்கு ஒரு நாளுதான். மெயில்லயும் எழுதிட்டேன்."

அவர் துண்டு அப்படியே நின்றது. "அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் வருவேன், நாளான்னிக்கும் வருவேன். தெனம் தூக்கிக்கினு வாங்க" என்று நிஷா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். "முடியலன்னா கதவத் தொறந்து வெய்ங்க."