மேனேஜரும் பியூனும்

அப்போது வீட்டில் இருந்தவர்கள்: கூடத்துக் கட்டிலில், கழுத்துவரை போர்த்தியபடி அக்கா. அவள் தலைமாட்டில், யாரையும் அண்டவிடாமல் அத்தான். வாடகை நாற்காலிகளில், அக்கா டைப்பிஸ்டாக இருந்த ஆபீஸிலிருந்து வந்த நாலைந்து பேர். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் காதைக் கொடுத்துக்கொண்டு கீழ்வீட்டம்மா. கட்டிலுக்கு அடியில், ஒருவனை ஒருவன் கிழித்துக்கொண்டு மேனேஜரும் பியூனும். அவர்களைப் பிரிப்பதற்காகத் தரையில் குப்புறப் படுத்து, முழங்கைவரை கீறலோடு, தம்பி.

மேனேஜரும் பியூனும் பூனைகள். ஒரே அட்டைப்பெட்டியில் வந்த அண்ணன் தம்பி. சாம்பல் நிறத்தவன் சோபாவை விட்டு இறங்கமாட்டான், அதனால் மேனேஜர். வெள்ளை நிறத்தவன் அவன் வாலைப் பிடித்துக்கொண்டே திரிவான், அதனால் பியூன். பேர் வைத்தது அக்கா. "ஆபீஸை விட்டுத் தொலைஞ்சேன்னு பார்த்தா, ஆபீஸ் வீட்டுக்கே வந்துடுச்சு" என்பாள். ஒருவன் முதுகில் இன்னொருவன் தலை வைத்துத்தான் தூக்கம். அக்கா செத்த நேற்று மதியத்திலிருந்து ஒருவன் நிழல் ஒருவனுக்கு ஆகவில்லை.

தம்பி ஒரு பழைய போர்வையை வீசி பியூனை அமுக்கி இழுத்தான். வெள்ளைக் காதுமடல் கிழிந்து ரத்தம் சொட்டியது. மேனேஜர் கட்டிலுக்கு அடியிலிருந்து உறுமிக்கொண்டே இருந்தான்.

கீழ்வீட்டம்மா அருகில் வந்து குனிந்தாள்.

"நான் எதுவும் சொல்லல தம்பி. காதுல விழுந்ததைச் சொல்றேன். நேத்து மதியம் என் தலைக்கு மேல தடால்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் இதுங்க போட்ட கூச்சல் இருக்கே. உங்க அக்கா தூக்கத்துலயே போயிட்டாள்னு அத்தான் சொல்றாரு. சரி, தூக்கத்துலயே போயிருப்பா. யாரு இல்லேன்னா?"

தம்பிக்கும் காலையிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அக்கா தலையணை வைத்துப் படுக்கிறவள் அல்ல. இப்போது அவள் தலைக்கு அடியில் தடித்த துண்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. நடுவகிடு எடுக்கிறவளுக்கு யாரோ தலையை ஒரு பக்கமாக வாரிவிட்டிருந்தார்கள். யாரோ என்ன, அத்தான்தான். போனில் அவர் சொன்னது ஒரே வரி: "மதியம் படுத்தா மாப்ள, எழுந்திருக்கல." தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எரியூட்ட எடுத்துப் போகும் வண்டி சாயங்காலம் வரும். அது வந்துவிட்டால் கேட்க வேண்டியதை அப்புறம் யாரிடமும் கேட்க முடியாது.

"அத்தான், இவனை டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்."

"அக்காவைப் போட்டுட்டுப் பூனையைத் தூக்கிட்டுப் போறான் பாரு" என்றார் நாற்காலியில் ஒருவர்.

"போகட்டும்" என்றார் அத்தான். "அவ இருந்தா அதைத்தான் முதல்ல பார்ப்பா. போயிட்டு வா மாப்ள."

தன்னை வெளியே அனுப்புவதில் இவருக்கு என்ன அவசரம் என்று தம்பி நினைத்தான். சமையலறை மூலையில் பூனைக்கூடை கவிழ்ந்து கிடந்தது. பிரம்புக்கூடை. ஒரு பக்கக் கைப்பிடி பிய்ந்திருந்தது. பியூனை அதில் அடைத்து, அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

கால்நடை டாக்டர் ஒரு பெண். காதைத் துடைத்து மருந்து போட்டார்.

"இது மட்டும்தான் அடி வாங்குச்சா?"

"ஆமா. இவ்வளவு நாள் உயிருக்கு உயிரா இருந்ததுங்க."

"வீட்டுல பெருசா சத்தம் ஏதாவது? ஏதாவது விழுந்துச்சா, யாராவது கத்தினாங்களா?"

அவன் நிமிர்ந்தான். "ஏன் கேக்கறீங்க?"

"பயமுறுத்தினது எதுவோ, அதை அடிக்க அந்த இன்னொரு பூனையால முடியல. பக்கத்துல இவன் நின்னான். இவனுக்கு விழுந்துச்சு. இனிமே இவன் மூஞ்சியைப் பார்த்தாலே அதுக்கு அந்தப் பயம்தான் வரும். இவன் மேல தப்பே இருக்காது."

"யாராவது அமைதியாத் தூக்கத்துல செத்துப்போனா இப்படி ஆகுமா?"

டாக்டர் கைகழுவுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "அதுக்கெல்லாம் ஆகாது" என்றார். பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். மூஞ்சியோடு மூஞ்சி வைத்துச் சேர்க்கப் பார்க்கக் கூடாது. தனித்தனி அறை. நடுவில் மூடின கதவு. இவனைத் துடைத்த துணி அவன் படுக்கையில், அவனைத் துடைத்தது இவன் படுக்கையில். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. சாப்பிடும்போது மற்றவன் வாசனை வர வேண்டும், முகம் தெரியக் கூடாது. "பொறுமையா விட்டா சேர்ந்துடும். அவசரப்பட்டா ஜென்மத்துக்கும் சேராது."

திரும்பி வரும் வழியில் தம்பி போலீஸ் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டான்.

அத்தான் சமையலறையில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஆள், ஒவ்வொரு டம்ளரையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து வைத்தார். தம்பி கூடையைக் கையில் வைத்தபடியே கதவைச் சாத்தினான்.

"நேத்து இங்க என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல."

"கீழ கேட்டிருக்கு. பூனையைப் பார்த்த டாக்டரம்மாவும் அதையேதான் சொல்றாங்க. அக்கா தலைக்குக் கீழ துண்டு எதுக்கு? வகிடு எதுக்கு மாறியிருக்கு?"

அத்தான் அடுத்த டம்ளரை எடுத்தார்.

"வண்டியை நிறுத்தப் போறேன் அத்தான். போன் போட்டா வந்துடுவாங்க. நீங்க என்ன பண்ணினீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிக்குங்க."

"கூடையைக் கீழ வை மாப்ள."

"கூடை இருக்கட்டும். பதில் சொல்லுங்க."

"கை வலிக்கும். கைப்பிடி ஒடிஞ்சிருக்கு. கீழ வை."

தம்பி கூடையைப் பார்த்தான். பிரம்பின் இடுக்குகளில் வருஷக்கணக்கான தூசி அப்பியிருந்தது. ஒட்டடை நூல் ஒன்று அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவன் கண் தானாக மேலே போனது. பரணில் பழைய சாமான்களுக்கு நடுவில் ஒரு வட்டம் மட்டும் தூசியில்லாமல் இருந்தது. அதற்கு நேர் கீழே, சுவரோடு சாய்த்து வைத்திருந்த முக்காலிக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது.

முந்தாநாள் அக்கா போன் செய்திருந்தாள். ரெண்டு பேருக்கும் ஊசி போடணும்டா, கூடை பரண்ல கிடக்கு, அத்தானுக்கு முட்டி வலி, நீ வந்து இறக்கிக் குடு. அவன் ராத்திரி வேலை பார்க்கும் பேக்கரியில் அடுப்பு ஏற்றும் நேரம். நீ ஏறாதே, நாளைக்குக் காலையில வேலை முடிஞ்சு நேரா வரேன் என்று சொன்னான். வேலை முடிந்து நேராகத் தன் அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கினான். அவனை எழுப்பியது அத்தானின் போன்.

"நான் கடையில இருந்தேன்" என்றார் அத்தான், முதுகைக் காட்டியபடி. "மயங்கி விழுந்தாளா, விழுந்து மயங்கினாளான்னு எனக்குத் தெரியாது. டாக்டர் ஹார்ட்டுன்னு எழுதினார். இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஏன் எங்கிட்ட..."

அத்தான் திரும்பவில்லை. கழுவி வைத்த டம்ளரையே மறுபடி எடுத்துக் கழுவினார். கூடைக்குள் பியூன் ஒரு தரம் கத்தினான். தம்பி அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

வண்டி வந்தபோது தலைப்பக்கம் அவன்தான் தூக்கினான். துண்டு நழுவாமல் உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"என்ன தம்பி, கேட்டீங்களா?" என்றாள் கீழ்வீட்டம்மா படியில்.

"கேட்டேன். தூக்கத்துலதான் போயிருக்கா."

அவள் உதட்டைப் பிதுக்கி வழிவிட்டாள்.

எல்லாம் முடிந்து இருவரும் வீடு திரும்பியபோது நாற்காலிகளை எடுத்துப் போயிருந்தார்கள். மேனேஜர் சோபாவில் இருந்தான். உள்ளறையில் அடைத்திருந்த பியூனின் சத்தம் கேட்டதும் அவனுக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. கால்நடை டாக்டர் சொன்னதைத் தம்பி சொன்னான். அத்தான் அக்காவின் கம்பளிச் சால்வையை எடுத்து வந்தார். துவைக்காதது. நடுவில் கத்தரியால் வெட்டினார். ஒரு பாதியால் மேனேஜரை மெல்லத் துடைத்துத் தம்பியிடம் நீட்டினார். மறுபாதியைத் தம்பி பியூனைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு தட்டில் சாப்பாடு வைத்தார்கள்.

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் நிக்காது" என்றார் அத்தான். "மேனேஜர் தலையால முட்டியே திறந்துடுவான். வெளிய இருந்து பூட்டணும்."

"பூட்டுங்க. நான் உள்ள இவனோட இருக்கேன்."

"உனக்கு வேலை?"

"வரலைன்னு சொல்லிட்டேன்."

தம்பி ஒரு தட்டையும் பாதிச் சால்வையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவோரம் தரையில் உட்கார்ந்தான். பியூன் அலமாரிக்குப் பின்னாலிருந்து மூக்கை மட்டும் நீட்டினான். கதவுக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம், பிறகு முட்டி மடங்காத ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருகிற சத்தம்.

"வெச்சாச்சா மாப்ள?"

"வெச்சாச்சு."

அத்தான் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, ஒருக்களித்திருந்த கதவை இழுத்துச் சாத்தினார். சாவி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.