ஒரே பெட்டி, ஒரே வட்டி

மைக் கைக்கு வந்ததும் புஷ்பமேரிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. கடலூர் முதுநகரில் கூவி மீன் விற்கிறவளுக்கு மைக் எதற்கு? ஆனாலும் அதை விட மனசில்லை.

சிதம்பரத்துக் கல்யாண மண்டபம் பெண்களால் பிதுங்கியது. இடப்பக்கம் கடற்கரை மகளிர் குழுக்கள், வலப்பக்கம் புவனகிரி வயல்காட்டுக் குழுக்கள். எல்லார் சேமிப்பும் ஒரே பெட்டியில் சேரும், கடனும் அதிலிருந்துதான். அறுவடை நல்லபடி முடிந்த தெம்பில் வயல்காட்டுக்காரர்கள் ஸ்கூட்டருக்கும் மாடி எடுக்கவும் கடனை அள்ள, பெட்டி இளைக்கிறதே என்று தலைவி சந்திரலேகா மாத வட்டியை நூற்றுக்கு ஒரு ரூபாயிலிருந்து ஒன்றரை ரூபாயாக ஏற்றிவிட்டார். ஏற்றிய வாரம்தான் கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது.

"உங்க பக்கம் காசு பொரளுது, ஏத்துனீங்க. எங்க பக்கம் போட்டெல்லாம் கரையேறிக் கெடக்கு. அடுப்பெரிய கடன் வாங்கறவளுக்கும் மாடி கட்றவளுக்கும் ஒரே வட்டியா? கடலூருக்கு ஒரு ரூபான்னு தனியாப் போடுங்க!"

இடப்பக்கம் கைதட்டலில் அதிர்ந்தது. புஷ்பமேரிக்குக் காது சுட்டது. ஜெயித்தாச்சு என்றே நினைத்தாள்.

புவனகிரி லோகநாயகி இடுப்பில் கைவைத்து எழுந்தாள். "போடுங்கக்கா. எங்கக்கா பொண்ணு கடலூர்லதான் வாக்கப்பட்டிருக்கா. அவ பேர்ல ஒரு ரூபாய்க்கு வாங்கி எங்கூர்ல ஒன்றரைக்கு வுடுவேன். யார் வந்து புடிப்பீங்க?"

மண்டபமே சிரித்தது. புஷ்பமேரிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவி, சரியாகத்தான் சொல்கிறாள்.

"அப்பப் பெட்டியையே பிரிச்சிடுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு பக்கமும் ஓவென்று ஆமோதித்தது. சந்திரலேகா முகம் வெளிறி, "பிரிக்கலாம்ங்கறவுங்க கை தூக்குங்க" என்றார்.

புஷ்பமேரியின் கை பாதி எழுந்தது. அப்போதுதான் உறைத்தது. இந்தத் தடைக்காலத்தில் கடற்கரையிலிருந்து பெட்டிக்குள் ஒரு காசு போகவில்லை. அவள் கேட்கிற கடனே வயல்காட்டுச் சேமிப்புதான். ஆவணியில் அங்கே நாற்று விடக் கையைப் பிசைவார்கள். அப்போது பெட்டியிலிருந்து அவர்களுக்குப் போவது மீன் காசு. பிரித்தால் அவரவர் பஞ்சத்தில் அவரவர் பெட்டி காலி.

"நில்லுங்க, நில்லுங்க!" மைக் வீலென்று கத்தியது. "பிரிக்க வேணாம். எல்லாருக்கும் அதே ஒன்றரை வட்டியே இருக்கட்டும். தடை முடியற வரைக்கும் எங்ககிட்ட தவணை கேக்காதீங்க. ஆவணியில உங்ககிட்ட நாங்க கேக்கல."

பிரிக்கச் சொல்லித் தூக்கிய கைகள் ஒவ்வொன்றாய் இறங்கின.

"தவணை வரலன்னா எங்களுக்குக் கடன் கொறையுமே?" என்றாள் லோகநாயகி.

"கொறையும்," என்றாள் புஷ்பமேரி. "ஆவணியில எங்களுக்கும் கொறையும்."

லோகநாயகி அவளையே பார்த்தாள். பிறகு கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரியக் கையை உயர்த்தினாள். "நான் தாங்கறேன்."

வலப்பக்கம் முழுவதும் அந்த ஒரு கைதான். மூன்றாவது வரிசையில் ஒருத்தி, மடியில் தூங்கிய குழந்தையை இடத்தோளுக்கு மெல்ல மாற்றினாள். காலியான வலக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள்.